எஸ்பிஆர் லேடெக்ஸ்: எங்கே காசுக்குத் தகும், எங்கே தகாது

பழைய கான்கிரீட்டைப் பழுது பார்க்க வாங்குங்கள். புது ரூஃப் தளத்துக்கு வாங்காதீர்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் மீதியை எழுதுகிறேன்.

நான் டிப்ளமோ சிவில். திருவான்மியூரில் தொடங்கி கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று கடலோரமாகப் போகும் பகுதியில், பழைய அடுக்குமாடிகளில் கான்கிரீட் பழுது பார்க்கும் சின்னக் குழு ஒன்றை நடத்துகிறேன். தொண்ணூறுகளில் எழும்பிய கட்டடங்கள்தான் பெரும்பாலும் என் பிழைப்பு. உள்ளே இருப்பது அந்தக் காலத்து முறுக்குக் கம்பி. கம்பியை மூடும் கான்கிரீட், அதாவது கவர், பல இடங்களில் அரை அங்குலம்கூட இருக்காது. கடல் காற்று மீதி வேலையைப் பார்த்துவிடும். சன்ஷேடிலிருந்து ஒரு துண்டு கீழே நிற்கும் கார் மேல் விழுந்த பிறகுதான் அசோசியேஷன்காரர்கள் கூப்பிடுவார்கள்.

இந்த வேலையில் தினமும் கையில் புழங்கும் சரக்கு எஸ்பிஆர் லேடெக்ஸ், சிமெண்ட் கலவையில் சேர்க்கும் ஒரு வெள்ளைத் திரவம். ஃபாஸ்ராக்கின் நைட்டோபாண்ட் எஸ்பிஆர், டாக்டர் ஃபிக்ஸிட்டின் பிடிகிரீட் யுஆர்பி, சிக்கா லேடெக்ஸ் என்று ஹார்டுவேர் கடைகளில் கிடைப்பது இந்த வகைதான். ஒழுங்கான கம்பெனி சரக்காக, தேதி தாண்டாததாக இருந்தால் பிராண்டுக்குப் பிராண்டு பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்த விமர்சனம் ஒரு டப்பாவைப் பற்றியது அல்ல, டப்பாவுக்குள் இருக்கும் திரவத்தைப் பற்றியது. குறிப்பாக ஒரே ஒரு கேள்வி: கம்பியை கான்கிரீட் பிடிக்கும் பிடி இதனால் கூடுகிறதா?

ஆட்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'பால்'. பார்வைக்கு அப்படியேதான். ஸ்டைரீன், பியூட்டடையீன் இரண்டையும் சேர்த்துச் செய்த செயற்கை ரப்பரின் நுண்துகள்கள் தண்ணீரில் மிதக்கின்றன. எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ரப்பர், மீதி தண்ணீர். முதலில் முயன்றவர்கள் இயற்கை ரப்பர் பாலைத்தான் சிமெண்டில் கலந்தார்கள். 1923-இல் கிரெஸ்ஸன் என்பவர் சாலைத் தளத்துக்காகப் பிரிட்டனில் காப்புரிமை வாங்கினார், அடுத்த ஆண்டே லெஃபெபியூர் என்பவர் கலவை விகிதத்தோடு இன்னொன்று வாங்கினார். நம் கன்னியாகுமரித் தோட்டங்களில் சிரட்டையில் வடிகிற பாலுக்கு அப்படியொரு தூரத்து உறவு இந்த கேனோடு உண்டு.

இனி கடைக்காரர்கள் சொல்லும் கதைக்கு வருகிறேன். "மேடம், இதைக் கம்பியில ஒரு கோட் அடிச்சு விட்டுடுங்க, கான்கிரீட்டை ஜென்மத்துக்கும் விடாது." பல கடைகளில் இதே வசனத்தைக் கேட்டாயிற்று. கேட்கச் சரியாகத்தான் தோன்றும். பசை என்றால் ஒட்டத்தானே செய்யும்? ஆனால் கம்பிக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ள உறவு ஒட்டுவதில் தொடங்கினாலும் ஒட்டுவதில் நிற்பதில்லை.

கம்பியை இழுக்கும்போது முதலில் தாங்குவது சிமெண்ட் பசையின் ஒட்டுதல். மிகச் சின்ன நழுவலிலேயே, கண்ணுக்குத் தெரியாத அளவிலேயே, அது விட்டுப்போய்விடும். அடுத்து உராய்வு. அதற்கப்புறம் முழுச் சுமையையும் வாங்குவது கம்பியின் மேல் புடைத்து நிற்கும் வரிகள். ஒவ்வொரு வரியும் தனக்கு முன்னால் இருக்கும் கான்கிரீட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த முட்டல் கம்பியின் நீளவாக்கில் மட்டும் தள்ளுவதில்லை, கம்பியைச் சுற்றி வெளிப்புறமாகவும் தள்ளுகிறது. அதாவது சுற்றியிருக்கும் கான்கிரீட்டைப் பிளக்கப் பார்க்கிறது. கவர் குறைவாக இருந்தால் கம்பி நழுவி வருவதற்கு முன்பே கம்பியோரமாகவே நீளமாக விரிசல் விட்டு, கவர் பிளந்துவிடும். வரி போட்ட கம்பியில் பெரும்பாலும் பிடி போவது இப்படித்தான்.

இதைப் புரிந்துகொண்டால் லேடெக்ஸ் எங்கே வேலை செய்கிறது என்பது தெளிவாகிவிடும். கம்பியின் மேல் அல்ல. கம்பியைச் சுற்றியிருக்கும் கலவைக்குள்.

கலவையில் ஊற்றும்போது மூன்று காரியம் நடக்கிறது. ஒன்று, தண்ணீர் குறைகிறது. அந்த நுண்துகள்களும் அவற்றோடு வரும் சோப்பு போன்ற பொருளும் கலவையை இளக்கிவிடுவதால், அதே இளக்கத்துக்குக் குறைந்த தண்ணீர் போதும். படுக்கைக் கம்பிகளுக்கு இது பெரிய விஷயம். சாதாரண கான்கிரீட்டில் ஜல்லியும் மணலும் கீழே அமர, தண்ணீர் மேலே கசிந்து வரும். வரும் வழியில் கம்பியின் அடிவயிற்றில் தேங்கி, காய்ந்த பின் அங்கே ஒரு மெல்லிய இடைவெளி நிற்கும். மேலிருந்து பார்த்தால் கம்பி கச்சிதமாகப் புதைந்திருக்கும், அடியில் பாதிச் சுற்றளவுக்குப் பிடிப்பே இருக்காது. உயரமான பீமில் மேல் கம்பிக்கு இந்தத் தொல்லை அதிகம். அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் ஏசிஐ 318 விதி, அடியில் 300 மி.மீ.க்கு மேல் அப்போதுதான் ஊற்றிய கான்கிரீட் இருந்தால் கம்பியின் பிடிநீளத்தை, அதாவது கான்கிரீட்டுக்குள் அது புதைந்திருக்க வேண்டிய நீளத்தை, 1.3 மடங்கு ஆக்கச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, கம்பியை ஒட்டிய மெல்லிய வளையம். எந்தக் கான்கிரீட்டிலும் கம்பிக்கும் ஜல்லிக்கும் பக்கத்தில் சில பத்து மைக்ரான் அளவுக்குத் துளைகள் நிறைந்த பலவீனமான பகுதி ஒன்று உண்டு. சிமெண்ட் துகள்கள் அங்கே நெருங்கி அமர முடிவதில்லை. லேடெக்ஸ் துகள் சிமெண்ட் துகளைவிட ஏறத்தாழ நூறு பங்கு சிறியது. அதனால் அங்கே நுழைகிறது.

மூன்றாவதுதான் முக்கியம். சிமெண்ட் தண்ணீரை உறிஞ்சி இறுகும்போதும், மீதித் தண்ணீர் காயும்போதும் ரப்பர் துகள்கள் ஒன்றையொன்று நெருக்கி, கடைசியில் ஒன்றாய் இணைந்து ஏடாகப் படிகின்றன. ஆறும் பாலில் ஏடு மேலே மட்டும் கட்டும், இங்கே கலவையின் உள்ளெங்கும் கட்டுகிறது. ஜப்பானியப் பேராசிரியர் யோஷிஹிகோ ஒஹாமா இதைப் படிப்படியாக விளக்கிய மாதிரியைத்தான் இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த ஏடு நுண்விரிசல்களுக்குக் குறுக்கே நின்று இழுத்துப் பிடிக்கிறது. இழுவிசையைத் தாங்கும் திறன் கூடுகிறது. வரிகள் வெளியே தள்ளும்போது பிளக்காமல் தாங்க கான்கிரீட்டுக்கு வேண்டியது அந்தத் திறன்தான்.

அமுக்கும் வலிமையைப் பற்றிக் கேட்காதீர்கள். அது பெரிதாக அதிகரிப்பதில்லை. லேடெக்ஸ் அளவு மிஞ்சினால் குறையவும் செய்யும். அமுக்கு வலிமையைச் சொல்லும் கியூப் டெஸ்ட் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு "காசு வேஸ்ட்" என்று சொல்லும் இன்ஜினியர்களிடம் இதற்காகவே பலமுறை வாதாடியிருக்கிறேன். பிடி என்பது அமுக்கு வலிமையின் நிழல் மட்டும் அல்ல.

ஒருமுறை ஆசைக்குச் சோதித்தும் பார்த்தோம். தெரிந்த பொறியியல் கல்லூரி ஒன்றின் லேபில், 100 மி.மீ. கட்டிகளின் நடுவே 12 மி.மீ. கம்பியை நிறுத்தி வார்த்து, கம்பியை இழுத்தோம். இதற்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2770. அதன்படி கட்டிக்குள் கம்பியைச் சுற்றிச் சுருள் கம்பி வைக்க வேண்டும், பிளக்காமல் இருப்பதற்காக. நான் வேண்டுமென்றே சில கட்டிகளில் அதை வைக்கவில்லை, நம் சன்ஷேடுக்குள் யார் சுருள் வைத்தார்கள்? சாதாரணக் கலவைக் கட்டி 'படார்' என்று துண்டு துண்டாகப் பிளந்து விழுந்தது. லேடெக்ஸ் கட்டியில் விரிசல் விழுந்தது, ஆனால் கட்டி கட்டியாகவே நின்றது, கம்பி மெதுவாக நழுவியது. சுருள் வைத்த கட்டிகளில் வித்தியாசம் அவ்வளவு இல்லை. கைவிரல் விட்டு எண்ணும் கட்டிகளை வைத்து ஆராய்ச்சி முடிவெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் மேஸ்திரி அண்ணன் அந்த இரண்டு கட்டிகளையும் எங்கள் கொட்டகையில் எடுத்து வைத்திருக்கிறார். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு என் பேச்சைவிட அது நன்றாகப் புரிகிறது.

சரி, இத்தனை நன்மை இருந்தால் கம்பியின் நீளத்தைக் குறைக்கலாமா? கூடாது. நம் ஐ.எஸ். 456 பிடி அழுத்தத்தை கான்கிரீட்டின் தரத்தை வைத்துத்தான் கொடுக்கிறது. மழமழ கம்பிக்கு எம் 20 தரக் கான்கிரீட்டில் சதுர மி.மீ.க்கு 1.2 நியூட்டன், எம் 25-இல் 1.4, வரிக் கம்பி என்றால் அதில் 60 சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். எஃப்இ 500 தரக் கம்பிக்கு எம் 25-இல் கணக்குப் போட்டால் பிடிநீளம் விட்டத்தைப் போல 49 மடங்கு வரும். 12 மி.மீ. கம்பிக்கு ஏறக்குறைய இரண்டு அடி. லேடெக்ஸ் ஊற்றினேன் என்று அந்த இரண்டு அடியில் ஓர் அங்குலம்கூடக் குறைத்துக்கொள்ள அந்த அட்டவணையில் இடம் இல்லை. இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓட வேண்டிய லேப் நீளத்தைக் குறைத்துவிட்டு "அதான் கெமிக்கல் போட்டாச்சே" என்று சொல்லும் கான்ட்ராக்டர் யாராவது இருந்தால், அவரிடமிருந்து கேனைப் பிடுங்கிவிடுங்கள்.

அடுத்து அளவு. இந்தச் சரக்கின் பெயர் கெட்டுப்போனதற்கு முதல் காரணமே இதுதான். சைட்டில் சாதாரணமாகப் பார்ப்பது மூட்டைக்கு ஒரு லிட்டர். யாரோ எப்போதோ சொன்ன கணக்கு, வாய்வழியாகப் பரவியிருக்கிறது. ஒரு லிட்டரில் ரப்பர் அரை கிலோகூட இல்லை. 50 கிலோ சிமெண்டுக்கு அது ஒரு சதவீதம். ஏடு தொடர்ச்சியாகக் கட்ட அது எந்த மூலைக்கு? கான்கிரீட்டைக் குளிப்பாட்டியதாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கட்டமைப்புப் பழுதுக்கு ரப்பர் சிமெண்ட் எடையில் 10 முதல் 20 சதவீதம் வரை இருக்க வேண்டும், பாலத் தளங்களுக்கெல்லாம் வழக்கம் 15 சதவீதம். மூட்டைக்கு ஏழரை கிலோ ரப்பர். எடையில் 47 சதவீதம் ரப்பர் உள்ள சரக்கு என்றால் 16 லிட்டர் பால்.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது. அந்த 16 லிட்டரில் எட்டரை லிட்டர் தண்ணீர் ஏற்கெனவே வந்துவிட்டது. தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.38 வேண்டும் என்றால் மூட்டைக்கு மொத்தமே 19 லிட்டர்தான். ஆக நீங்கள் தனியாகச் சேர்க்கக்கூடியது பத்தரை லிட்டர், அதிலும் மணலின் ஈரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும். "பாலும் ஊத்தியாச்சு, தண்ணியும் வழக்கம்போல ஊத்தியாச்சு" என்றால் கலவை கூழாகிவிடும். எங்கள் குழுவில் தண்ணீருக்கு அளவுக் கோடு போட்ட பக்கெட் தனி. அதை எடுத்துத் துணி அலசியதற்காக ஒரு பையனுக்கு நல்ல திட்டு விழுந்தது, அது வேறு கதை.

விலை? நான் வாங்கும் கடையில் இருபது லிட்டர் கேனாக எடுத்தால் லிட்டர் முந்நூறு ரூபாய்க்கு முன்பின். ஆக ஒரு மூட்டை சிமெண்டுக்குப் பாலே நாலாயிரத்து எண்ணூறு. சிமெண்டைப் போல பத்து, பன்னிரண்டு மடங்கு. புது ரூஃப் தளத்துக்கு வேண்டாம் என்று சொன்னதன் முதல் காரணம் இது. மேடவாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒருவர் மொத்தத் தளத்துக்கும் லேடெக்ஸ் போட எஸ்டிமேட் கேட்டார். "சார், அந்தக் காசில் பாதிக்கும் குறைவான செலவில் நல்ல கவர் பிளாக், ஒழுங்கான வைப்ரேட்டர், தண்ணீர் அளந்து ஊற்ற ஓர் ஆள், இந்த மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், கம்பி உங்களை விடாது" என்றேன். அவருக்கு ஏமாற்றம்தான். புதிய கான்கிரீட்டில் கம்பிக்கு இடமும் கவரும் இருக்கிறது. பழுது வேலையில் அது இல்லை, ஓர் அங்குலத்துக்குள் பழையதும் புதியதும் கம்பியும் மூன்றும் ஒன்றாக வாழ வேண்டும். அங்கேதான் இந்தப் பாலுக்கு மரியாதை.

பழுதில் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சரக்கு நல்லதாக இருந்து வேலை கெட்டால் பழி சரக்கின் மேல்தான் விழுகிறது.

முதலில் முட்டு. தூணோ பீமோ, முட்டு கொடுக்காமல் உளி வைப்பதில்லை. அப்புறம் சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொத்தென்று ஒலிக்கும் இடம் முழுக்கக் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் முன்பக்கம் தெரிந்தவுடன் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்வது. போதாது. கம்பிக்குப் பின்னால் விரல் தாராளமாகப் போகும் அளவுக்கு, 20-25 மி.மீ. வரை, குடைய வேண்டும். கம்பியைச் சுற்றி முழு வட்டமும் புதுக்கலவை பிடித்தால்தான் நான் மேலே சொன்ன வரிகள் முட்டிக்கொள்ள இடம் கிடைக்கும். முன்பக்கம் மட்டும் புதுக்கலவை, பின்பக்கம் உப்பேறிய பழைய கான்கிரீட் என்றால் பாதிப் பிடிதான், துருவும் பின்னாலிருந்து திரும்ப வரும். கொத்துவது நீளவாக்கில் துரு நிற்கும் இடத்தைத் தாண்டி நல்ல கம்பி தெரியும்வரை போக வேண்டும். எஸ்டிமேட்டில் இருந்த சதுர அடி இங்கேதான் இரட்டிப்பாகும், அசோசியேஷன் செயலாளரின் முகம் இங்கேதான் மாறும்.

துருவை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்தால் மேல் தூள் போகும். குழிகளுக்குள் இருக்கும் கறுப்புத் துரு போகாது. முடிந்தால் மணல் பீச்சியடிப்பது நல்லது, குடியிருக்கும் கட்டடத்தில் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கிரைண்டரில் கப் பிரஷ் மாட்டித் தேய்ப்பது நடுவழி. கம்பி கால்வாசிக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்டியே ஆக வேண்டும். தேய்ந்த கம்பியில் வரியே இருக்காது. வரி இல்லாத கம்பிக்கு எந்தப் பாலும் பிடி கொடுக்காது.

அப்புறம்தான் கம்பிக்குப் பூச்சு. கடைக்காரர் வசனம் கெடுக்கும் இடம் இதுதான். கம்பியில் வெறும் லேடெக்ஸை அடித்து, காயவிட்டு, மறுநாள் கலவை வைத்தால் என்ன ஆகும்? காய்ந்த ரப்பர் தோல் ஒன்று கம்பியைச் சுற்றி நிற்கும். அதன் மேல் கலவை ஒட்டாது. வரிகளின் கூர்மையும் மழுங்கிவிடும். பிடி கூடுவதற்குப் பதில் குறையும்.

பாலவாக்கத்தில் ஒரு கட்டடத்தில் வேறொரு குழு செய்த சன்ஷேடு பழுது மொத்தமாகப் பெயர்ந்து விழுந்த பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். விழுந்த துண்டைப் புரட்டிப் பார்த்தேன். கம்பி இருந்த பள்ளம் பிளாஸ்டிக் வார்ப்பு போட்டு எடுத்தமாதிரி பளபளவென்று இருந்தது. நகத்தால் கீறினால் ஒரு தோல் உரிந்து வந்தது. கம்பியில் சிமெண்டின் சுவடே இல்லை. சரக்கு நல்ல சரக்குதான், காலி கேன் மொட்டை மாடியில் கிடந்தது. அடித்தவர்கள் காயவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் செய்வது: பாலும் சிமெண்டும் சேர்த்துக் குழைத்த கூழை, டப்பாவில் எழுதியுள்ள விகிதத்தில், பிரஷ்ஷால் கம்பியைச் சுற்றி இரண்டு கோட். முதல் கோட் இறுகலாம். இரண்டாவது கோட் கையில் ஒட்டும் பக்குவத்தில் இருக்கும்போதே கலவை மேலே ஏறிவிட வேண்டும். பழைய கான்கிரீட்டின் முகத்துக்கும் அதே விதி: முன்பே நனைத்து, தேங்கிய தண்ணீரைத் துடைத்து, கூழை அடித்து, ஈரத்தோடு கலவை. சென்னை வெயிலில் அந்தப் பக்குவம் நிமிடக் கணக்கில்தான் நிற்கும். அதனால் கூழ் அடிப்பவர் ஒருவர், பின்னாலேயே கலவை வைப்பவர் ஒருவர். மதிய நேரத்தில் நாங்கள் இந்த வேலையைத் தொடுவதில்லை.

கம்பிக்குத் துத்தநாகம் கலந்த எபாக்சி பிசின் பிரைமர் அடிப்பவர்களும் உண்டு. துருவைத் தடுப்பதில் அது நல்லது. ஆனால் அதுவும் ஒரு வழவழப்பான தோல். ஈரம் காயும் முன் மேலே காய்ந்த சலித்த மணலைத் தூவிச் சொரசொரப்பாக்கினால்தான் கலவை பிடிக்கும். தொழிற்சாலையில் எபாக்சி பூசி வரும் பச்சைக் கம்பிகளுக்கே ஏசிஐ விதி பிடிநீளத்தை 1.2 அல்லது 1.5 மடங்கு ஆக்கச் சொல்கிறது. ரப்பர், எபாக்சி போன்ற பாலிமர் எதுவானாலும், அது கலவைக்குள் இருந்தால் பிடி கூடுகிறது, தோலாகக் கம்பியின் மேல் இருந்தால் குறைகிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து எழும்பிய அதே நிறுவனம்தான், கம்பிக்குப் பூச்சு உருவாக்கியபோது சிமெண்டை அடிப்படையாக வைத்துக்கொண்டது. எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது. சிமெண்டுக்குச் சிமெண்ட் அந்நியம் இல்லை.

கலக்குவதில் ஒரு எச்சரிக்கை. பால் நுரைக்கும். வேகமான டிரில்லில் துடுப்பு மாட்டி விளாசினால் கலவை முழுக்கக் காற்றுக் குமிழி ஏறி, கம்பியைச் சுற்றிப் பஞ்சு போல நிற்கும். நல்ல கம்பெனி சரக்கில் நுரையடக்கி சேர்த்தே வருகிறது, இருந்தாலும் மெதுவான வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் போதும். கலவை இறுகத் தொடங்கியதும் தண்ணீர் தெளித்து மீண்டும் கிளறுவது, பூச்சு வேலையில் எல்லோரும் செய்வது, இதில் கூடவே கூடாது.

கியூரிங்தான் பெரிய தலைவலி. சாதாரண சிமெண்டுக்கு ஐ.எஸ். 456 குறைந்தது ஏழு நாள் ஈரம் கேட்கிறது, அது எல்லோருடைய ரத்தத்திலும் ஊறியிருக்கிறது. லேடெக்ஸ் கலவைக்கு முதல் ஓரிரு நாள் மட்டும் ஈரச் சாக்கு, அதன்பின் காயவிட வேண்டும். தண்ணீர் வெளியேறினால்தானே ஏடு கட்டும்? நீலாங்கரையில் ஒரு கட்டடத்தில் வாட்ச்மேன் பெரியவர் எங்கள் தூண்களின் மேல் காலையும் மாலையும் ஹோஸ் பிடித்துக்கொண்டே இருந்தார். "ஐயா, போதும், காயட்டும்" என்றால், "நீ சின்னப் பொண்ணும்மா, தண்ணி காட்டாத காங்கிரீட்டு நிக்குமா?" என்று சிரித்தார். கடைசியில் அசோசியேஷன் செயலாளரிடம் சொல்லிக் குழாயைப் பூட்டினோம். அவர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

இந்தச் சரக்கால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். பழைய கான்கிரீட்டுக்குள் ஏறிவிட்ட உப்பை இது எடுக்காது. நாம் பழுது பார்த்த இடம் பாதுகாப்பாகிவிட, அதன் ஓரத்தில் உள்ள பழைய பகுதியில் கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிப்பதும் நடக்கும். ஒட்டுப் போட்ட இடம் அப்படியே நிற்க, ஒட்டைச் சுற்றி விரிசல் வரும். அதற்கு லேடெக்ஸைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை, ஆனால் வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. தீப்பிடித்தால் ரப்பர் தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். ஜெனரேட்டர் புகைக்குழாய் ஒட்டிப் போகும் சுவருக்கு நான் இதைப் போடுவதில்லை.

மர வேலைக்கான வெள்ளைப் பசையை இதற்குப் பதிலாகக் கலக்கும் பழக்கம் சில கொத்தனார்களிடம் இன்னும் இருக்கிறது. அதுவும் வெள்ளை, அதுவும் ஒட்டுகிறது, விலையும் குறைவு. பாலிவினைல் அசிடேட் அது. ஈரம் பட்டால், அதிலும் சிமெண்டின் காரம் பட்டால், மறுபடி குழைந்துவிடும். குளியலறைத் தளத்தின் அடிப்புறம், சன்ஷேடு, வாட்டர் டேங்க் எங்கேயும் ஆகாது.

நான் கொடுக்கும் மதிப்பெண்: தூண், பீம், சன்ஷேடு, தளத்தின் அடிப்புறம் ஆகியவற்றின் பழுதுக்கு ஐந்துக்கு நாலரை. அந்த அரை போனது சரக்கால் அல்ல, டப்பாவில் பயன்படுத்தும் முறையைப் பொடி எழுத்தில், அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டும் அச்சடிப்பதற்காக. கையில் பிரஷ் பிடிப்பவருக்குத் தமிழில் ஐந்து வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? "காயும் முன் கலவை வை" என்ற ஒரு வரி பெரிய எழுத்தில் இருந்திருந்தால் பாலவாக்கத்துச் சன்ஷேடு விழுந்திருக்காது. புது ரூஃப் தளத்துக்கு ஐந்துக்கு ஒன்று. மூட்டைக்கு ஒரு லிட்டர் கணக்கில் ஊற்றுவதற்குப் பூஜ்யம்.

வாங்கும்போது ஒன்று செய்யுங்கள். சீல் உடைந்த கேனிலிருந்து அளந்து கொடுப்பதை வாங்காதீர்கள், தண்ணீர் கலந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகம் வந்தால் நூறு கிராம் பாலை எவர்சில்வர் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, முழுக்கக் காயவைத்து எடை போடுங்கள். 45 கிராம் சுற்றி நின்றால் சரி. முப்பதுக்குக் கீழே போனால் கடையை மாற்றுங்கள். காய்ந்த அந்தத் தோலைத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் ஓரிரவு போட்டு வைத்தால், எஸ்பிஆர் என்றால் ரப்பராகவே இழுபடும், வெள்ளைப் பசை என்றால் கொழகொழவென்று ஆகிவிடும். மீந்த பாலை மூடி இறுக்கி நிழலில் வையுங்கள். திறக்கும்போது மேலே தோல் கட்டியிருந்தால் துணியில் வடிகட்டிப் பயன்படுத்தலாம். உள்ளே கட்டி கட்டியாக இருந்து நாற்றமும் அடித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதைத் தண்ணீர் விட்டுக் கரைக்கப் பார்க்காதீர்கள்.